ரேடியாலஜிக்கு எந்தக் கல்லூரி?

மருத்துவக் கலந்தாய்வு தொடங்கிவிட்டால் என் கைபேசிக்கு ஓய்வில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் நெடுங்காலம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால், தெரிந்தவர்களும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் அழைப்பார்கள். முன்பெல்லாம் "சார், பொண்ணுக்கு சீட் கிடைக்குமா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சென்ற முறை கோபிசெட்டிபாளையத்திலிருந்து பேசியவர் ஒரு படி மேலே போனார். மகளுக்கு நல்ல மதிப்பெண். அரசு சீட் உறுதி. "பாப்பாவுக்கு ரேடியாலஜிதானுங்க ஆசை. அதுக்கு எந்தக் காலேஜை முதல்ல போடறதுங்க சார்?" என்றார். பாப்பாவுக்கு 18 வயது. அனாட்டமி ஹாலின் ஃபார்மலின் நெடியே இன்னும் அவள் மூக்கில் ஏறவில்லை.

சிரிக்கத் தோன்றியது. ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். என்று மட்டும் போர்டு மாட்டிக்கொண்டு பிழைத்த காலம் போய்விட்டது. காய்ச்சலுக்கு வருகிறவரே "நீங்க எதுல ஸ்பெஷலிஸ்ட்?" என்று கேட்டுவிட்டுத்தான் நாக்கை நீட்டுகிறார். முதுநிலைப் படிப்புக்கான நீட் தேர்வை ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள். அவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் அள்ளிக்கொண்டு போவது ரேடியோ, டெர்மா, பொது மருத்துவம். அடுத்துக் குழந்தை மருத்துவம், மகப்பேறு, எலும்பு, அறுவை சிகிச்சை. அனாட்டமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி போன்றவற்றை எடுக்க ஆளில்லை. 2023 செப்டம்பரில் தகுதி வரம்பைப் பூஜ்ய பர்சன்டைல் வரைக்கும் இறக்கி, தேர்வு எழுதியவர் யாரும் கலந்தாய்வுக்கு வரலாம் என்று அரசே சொன்னது, அந்தக் காலி இடங்களைப் பார்த்துத்தான். ஒரு வாசலில் தள்ளுமுள்ளு, பக்கத்து வாசலில் ஈ காக்கை இல்லை. இதைக் கண்ட பெற்றோர் ஐந்தரை வருடம் முன்கூட்டியே துண்டு போட நினைப்பதில் வியப்பில்லை.

சிக்கல் எங்கே என்றால், இந்தக் கேள்வி பிறந்த ஊர் வேறு. "இந்தச் சிறப்புத் துறை வேண்டுமானால் இந்தக் கல்லூரி" என்று பேசுவது அமெரிக்கப் பழக்கம். அங்கே அதற்குக் காரணம் உண்டு.

அமெரிக்காவில் நான்கு ஆண்டு இளங்கலை முடித்து, அதற்குமேல் நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரி. அது முடியும் தறுவாயில் ரெசிடென்சி என்னும் சிறப்புப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட வேண்டும். மாணவர் தனக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவார். மருத்துவமனைகள் தங்களுக்குப் பிடித்த மாணவர்களை வரிசைப்படுத்தும். 1952 முதல் நடக்கும் இந்த 'மேட்ச்' ஏற்பாட்டில் இரண்டு பட்டியலையும் கணினி பொருத்திப் பார்க்கும். ஆல்வின் ராத் என்ற பொருளியலாளர் 1990களின் கடைசியில் இதன் கணக்கைத் திருத்தி அமைத்தார். இவ்வகைப் பொருத்தக் கணக்குகளுக்காக அவருக்கும் லாயிட் ஷாப்லிக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. கணக்கு அழகானதுதான். ஆனால் மருத்துவமனை தன் பட்டியலைப் போடுவது மனிதக் கையால். அந்தக் கை எதையெல்லாம் பார்க்கும்? தேர்வு மதிப்பெண், வார்டில் வாங்கிய கிரேடு, ஆய்வுக் கட்டுரைகள், துறைத்தலைவர் எழுதிய பரிந்துரைக் கடிதம், நேர்காணல். இவற்றோடு, எந்தக் கல்லூரி என்பதையும்.

ஆகவே அங்கே கல்லூரியில் அந்தத் துறையின் ரெசிடென்சி இருக்கிறதா என்பது உயிர்நிலைக் கேள்வி. நரம்பியல் அறுவைக்கோ தோல் மருத்துவத்துக்கோ சொந்தமாகப் பயிற்சித் துறை இல்லாத கல்லூரிகள் உண்டு. அங்கே படிப்பவருக்குக் கடிதம் எழுத ஆளில்லை. வேறு ஊருக்குப் போய் ஒரு மாதம் வேலை செய்து முகம் காட்ட வேண்டும். 2022 ஜனவரியில் யு.எஸ்.எம்.எல்.இ. என்ற மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டத்தில் மதிப்பெண்ணை எடுத்துவிட்டுத் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் சொல்லத் தொடங்கினார்கள். மாணவர்களின் மனஅழுத்தம் குறையட்டும் என்பது எண்ணம். பெயரில்லாத கல்லூரியில் படித்தவன் தன்னைக் காட்டிக்கொள்ள இருந்த முக்கிய எண்ணும் போய்விட்டதே, இனிப் பெயர்தானே பேசும் என்ற கவலை அன்றைக்கே எழுந்தது. இப்போது கூட்டம் இரண்டாம் கட்டத் தேர்வின் மதிப்பெண்ணைப் பிடித்துத் தொங்குகிறது.

பணமும் அங்கே இந்தக் கணக்கில் சேரும். கடன் வாங்கிப் படிக்கும் மாணவர் ஏறத்தாழ 2 லட்சம் டாலர் கடனோடுதான் வெளியே வருகிறார். நியூயார்க் பல்கலைக்கழகம் 2018-இல் கல்விக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. 2024-இல் ரூத் காட்ஸ்மன் என்ற முதிய பேராசிரியை கொடுத்த 100 கோடி டாலரால் பிராங்க்ஸில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கல்லூரியும் அப்படியே செய்தது. பெரிய பெயரா, கடனில்லாத படிப்பா என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொள்வதில் பொருள் இருக்கிறது.

மற்ற ஊர்கள் வேறு மாதிரி. பிரிட்டனில் படிப்பு முடிந்ததும் போக வேண்டிய இரண்டாண்டு அடிப்படைப் பயிற்சிக்கு, முன்பு அவரவர் கல்லூரிக்குள் எந்தப் பத்தில் ஒரு பங்கில் நிற்கிறார் என்று பார்த்துப் புள்ளி போட்டார்கள். கெட்டிக்காரர்கள் குவிந்த கல்லூரியில் சேர்ந்தவருக்கு அதனாலேயே நட்டம். 2024-இல் அதையும் எடுத்துவிட்டு, கணினி குலுக்கிப் போடும் எண்ணுக்கு வந்துவிட்டார்கள். இலங்கையில் உயர்தரத் தேர்வின் இசட் புள்ளியும் மாவட்டமும் சேர்ந்து மருத்துவ பீடத்தை முடிவு செய்துவிடுகின்றன. பிறகு கொழும்பில் படித்தாலும் யாழ்ப்பாணத்தில் படித்தாலும் சிறப்பு மருத்துவராக, 1980-இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கிய ஒரே பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தேர்வுக்குத்தான் எல்லாரும் வந்தாக வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே முதுநிலைச் சேர்க்கையில் யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. மூன்றரை மணி நேரம், 200 கேள்வி, 800 மதிப்பெண். சரிக்கு நான்கு, தப்புக்கு ஒன்று கழிவு. பரிந்துரைக் கடிதம் கிடையாது, நேர்காணல் கிடையாது. வார்டில் இரவு முழுக்க விழித்திருந்து ஒரு உயிரைக் காப்பாற்றியவனுக்கும், அந்த இரவில் அறையில் உட்கார்ந்து எம்.சி.க்யூ. போட்டவனுக்கும் ஒரே தாள். 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி என்பதற்காக அரை மதிப்பெண் கூடாது. 2022-இல் தொடங்கிய அரியலூர் என்பதற்காகக் குறையவும் குறையாது. கோபிக்காரருக்கு நேர்ப்பதில் சொல்வதானால் "எந்தக் காலேஜானாலும் ஒண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம்.

வைக்கவில்லை. கல்லூரியின் பெயர் சீட் வாங்கித் தராது என்பது உண்மை. ஆனால் கல்லூரி வேறு நான்கைந்து வழிகளில் அந்த 200 கேள்விக்குள் நுழைகிறது. பெற்றோர் கவனம் போக வேண்டியது அங்கே.

அதற்கு முன் தரவரிசைப் பட்டியல் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் நிறைய. மருத்துவத்தில் டெல்லி எய்ம்ஸ் முதலிடம், சண்டிகர் பி.ஜி.ஐ. இரண்டாமிடம், வேலூர் சி.எம்.சி. மூன்றாமிடம் என்று பல ஆண்டாக வருகிறது. இரண்டாமிடத்து பி.ஜி.ஐ.யில் சேர்ந்து எம்.பி.பி.எஸ். படித்தவர் யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க முடியாது, அது முதுநிலைக்கும் ஆய்வுக்குமான இடம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரையும் அப்படித்தான். ஆய்வுக் கட்டுரை, பெயர், முனைவர் எண்ணிக்கை எல்லாம் கலந்து போடும் கூட்டுக்கணக்கை வைத்து, முதலாண்டு மாணவி எங்கே ஊசி போடக் கற்பாள் என்று முடிவு செய்வது ஜாதகத்தை வைத்து ரத்த அழுத்தம் பார்ப்பது போல. அமெரிக்காவில்கூட 2023-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அந்நாட்டின் பேர்போன பத்திரிகைத் தரவரிசைக்கு விவரம் தர மாட்டோம் என்று விலகியது. மறு ஆண்டே அந்தப் பத்திரிகை ஒன்று, இரண்டு என்று எண் போடுவதை விட்டுவிட்டது.

இனி முக்கியமான விஷயம். ஒரு முரண். கையை நன்றாகப் பழக்கும் கல்லூரி, படிக்க நேரம் தராது. நேரம் தாராளமாகத் தரும் கல்லூரியில் கை பழகாது.

பெரிய அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. இன்று அதை சி.ஆர்.ஆர்.ஐ. என்கிறார்கள், பெயர் மாறியதே தவிர வேலை மாறவில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ஒரு நாளைக்குப் புறநோயாளிகளே பத்தாயிரத்துக்கு மேல் வருவார்கள். யூனிட்டுக்கு அட்மிஷன் நாள் என்றால் விடியும்வரை ரத்தம் எடுப்பது, லைன் போடுவது, ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது, சீஃப் ரவுண்ட்ஸ் வருவதற்குள் எல்லா ரிப்போர்ட்டையும் கேஸ் ஷீட்டில் சேர்ப்பது. லேபர் வார்டு போஸ்டிங்கில் பிரசவம் எண்ணுவதை இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுவார்கள். கேஷுவால்டியில் தையல் போட்டுப் போட்டு, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சு விழும். இவ்வளவும் செய்துவிட்டு அறைக்கு வந்தால் புத்தகத்தைத் திறக்கும்போதே கண் சொக்கும்.

தனியார் கல்லூரிகள் சிலவற்றில் கதை வேறு. எல்லாவற்றிலும் என்று சொல்ல மாட்டேன். நல்ல நோயாளிக் கூட்டமும் கண்டிப்பான ஆசிரியர்களும் உள்ள தனியார் கல்லூரிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் படுக்கைகள் பாதி காலியாகக் கிடக்கும் இடங்களும் உண்டு. அங்கே இன்டர்ன்ஷிப் ஆண்டு கிட்டத்தட்ட விடுமுறை. காலையில் தலையைக் காட்டிவிட்டு, மீதி நாளை நூலகத்தில் கழிக்கலாம். கைபேசிச் செயலியில் 19 பாடத்துக்கும் காணொளி, கேள்வி வங்கி, ஞாயிறுதோறும் கிராண்ட் டெஸ்ட். ரேடியாலஜி வாங்கும் முதல் ஆயிரம் ரேங்க்கில் அங்கிருந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் இதைப் பார்த்துப் புகைவது எனக்குத் தெரியும். "நாங்க ஸ்ட்ரெச்சர் தள்ளிட்டிருந்தோம், அவங்க டெஸ்ட் சீரிஸ் போட்டுட்டிருந்தாங்க சார்" என்று என் மாணவன் ஒருவன் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. அவன் சொன்னது கணக்குப்படி சரி.

இந்த முரணில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை. படிப்பை 24 வயதில், வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் உட்கார்ந்து படித்துப் பிடித்துவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் பிடிக்கிறார்கள். 'டிராப்' என்று அதற்குப் பெயரே உண்டு. கைப்பழக்கத்தை அப்படிப் பிடிக்க முடியாது. மூச்சுத்திணறி வருகிறவர் ஆஸ்துமாவா இதயச் செயலிழப்பா என்று வாசலில் பார்த்தவுடன் தோன்றும் அந்த ஊகம், நூறு பேரைப் பார்த்தவருக்குத்தான் வரும். ரேடியாலஜிக்கு அது எதற்கு என்பார்கள். நோயாளியையே பார்க்காமல் படம் படிக்கும் ரேடியாலஜிஸ்டுக்கும், 'இந்த வயிற்றைத் தொட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்' என்று தெரிந்த ரேடியாலஜிஸ்டுக்கும் உள்ள வேறுபாடு அவர்கள் எழுதும் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் தெரிந்துவிடும். முதலாமவர் நான்கு சாத்தியங்களை எழுதி, "மருத்துவ நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்று முடிப்பார். இரண்டாமவர் ஒன்றைச் சொல்லுவார்.

துறைகளின் ஆளுமையும் மாணவரைத் தொற்றும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைத் துறை நாட்டுக்கே வழிகாட்டியது. துண்டான விரல் மறுபடி சிவப்பதைப் பார்த்த இளைஞன் வேறு கனவு காண்பான். கீழ்ப்பாக்கத்தின் தீக்காயப் பிரிவும் அப்படி. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் குழந்தை மருத்துவத்துக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும், கண்ணுக்கு 1819-இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனைக்கும் போகிறார்கள். 18 வயதில் 'ரேடியாலஜி' என்று வந்தவர்கள் இப்படி ஏதாவது ஒரு வாசலில் வழி தவறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தவறட்டும். வழி தவற வாசல்கள் வேண்டும் என்பதுதான், பல துறைகள் முழுதாக இயங்கும் பழைய கல்லூரிகளுக்கு நான் கொடுக்கும் கூடுதல் மதிப்பெண்.

பெயர் எவ்வளவு, மருத்துவமனை எவ்வளவு என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2022-இல் முதல் அணியாக 50 பேர் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். கட்டடம் எழவில்லை, ஆகவே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் வகுப்பு. அந்த ராமநாதபுரமோ, 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறந்த 11 புதுக் கல்லூரிகளில் ஒன்று. எய்ம்ஸ் என்ற பெயருக்காக நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள், அப்போதுதான் பிறந்த கல்லூரியின் விருந்தாளிகளாகப் படித்தார்கள். பட்டம் எய்ம்ஸ் பட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் கற்பது பெயர்ப்பலகையிடம் அல்லவே.

அந்த 11 கல்லூரிகளைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விருதுநகர், திண்டுக்கல், கிருஷ்ணகிரி, நாமக்கல், திருப்பூர் எல்லாம் மாவட்டத் தலைமை மருத்துவமனையை வைத்துத் தொடங்கியவை, நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. முதுநிலை மாணவர்கள் நிரம்பிய பழைய மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் எட்டி நின்று பார்க்கும் பல வேலைகள், புதுக் கல்லூரியில் அவர் கைக்கே வரும். குறை வேறு இடத்தில். சிறப்புப் பிரிவுகள் மெல்ல மெல்லத்தான் வரும். பேராசிரியர் இன்று இங்கே, ஆய்வுக்குழு வரும் நாளில் வேறெங்கோ. படிப்பில் போட்டி போட மூத்த மாணவர் கூட்டமும் இல்லை. அந்தக் கடைசிக் குறை சின்னதல்ல. பி.ஜி. ரேங்க் என்பது பெரும்பாலும் விடுதியில்தான் உருவாகிறது: பக்கத்து அறை அண்ணன் ரேங்க் வாங்கியதைப் பார்த்த தம்பி, அவர் குறிப்பேட்டை வாங்கி வைத்துக்கொள்கிறான். சென்னை, மதுரை, கோவை விடுதிகளில் அந்தக் குறிப்பேடுகள் தலைமுறை தலைமுறையாகக் கை மாறுகின்றன.

பணத்துக்கு வருகிறேன். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். சென்னையைச் சுற்றியுள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும். படிப்பு முடியும்போது ஒரு கோடி கரைந்திருக்கும். "பெரிய பில்டிங், நல்ல பேரு, அங்கயே பி.ஜி. ரேடியாலஜியும் இருக்கு" என்று சேர்க்கிறார்கள். அங்கேயே இருப்பது உண்மை. அங்கே படித்தவருக்கு அதில் தனி உரிமை கிடையாது. அந்த இடமும் நீட் ரேங்க்படி பொதுக் கலந்தாய்வில்தான் நிரம்பும், கட்டணம் இளநிலையைவிட அதிகமாக. ரேடியோவும் டெர்மாவும் என்றால் மூன்று ஆண்டுக்குக் கோடியைத் தொடும் இடங்கள் பல. கடன் வாங்கி எம்.பி.பி.எஸ். முடித்த பையனுக்கு வேறொரு இழப்பும் உண்டு. முதல் முறை ரேங்க் சரியாக வராவிட்டால், இன்னொரு வருடம் உட்கார்ந்து படிக்க அவனுக்கு வழியில்லை. வட்டி ஓடிக்கொண்டிருக்கும், கிடைத்த கிளையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். போட்டி மிகுந்த துறை வேண்டும் என்று நினைக்கிற குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது, பிள்ளைக்கு அந்த இரண்டாவது வாய்ப்பைக் கொடுக்கக் காசு மிஞ்சுமா என்பதை. நடுத்தரக் குடும்பத்துக்கு அரசு சீட்டின் பெரிய பலமே இதுதான்.

அடுத்தது யாரும் பேசாத ஒன்று: சட்டம். அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு, மீதி மாநில ஒதுக்கீடு. முதல் பாதியில் மத்திய அரசின் இட ஒதுக்கீடு. 2021-22 முதல் அதில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடும் உண்டு. இரண்டாம் பாதியில் நம் 69 விழுக்காடு. ஒரே ரேங்க் இரண்டு வாசலில் இரண்டு விதமாகப் பேசும். இந்த மாநில வாசலுக்குள் யார் நுழையலாம்? 2025 ஜனவரி 29-இல் உச்ச நீதிமன்றம், முதுநிலை மருத்துவத்தில் வசிப்பிடத்தை வைத்து இடம் ஒதுக்குவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, அந்த மாநிலக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு அளவோடு முன்னுரிமை தரலாம் என்றும் சொன்னது. சண்டிகரிலிருந்து வந்த வழக்கு அது. அதன் போக்கு எனக்குப் புரிகிற வரையில், 'எந்த ஊர்க்காரர்' என்பதைவிட 'எந்த மாநிலத்தில் படித்தவர்' என்பதற்கு இனி எடை கூடும். அகில இந்திய ஒதுக்கீட்டில் வடக்கே ஏதோ ஒரு பெயர்பெற்ற கல்லூரி கிடைக்கிறது, இங்கே கோவை கிடைக்கிறது என்று தடுமாறுகிறவர்கள், முதுநிலை இடங்கள் நிறைந்த தமிழ்நாட்டை விட்டுப் போவதன் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எய்ம்ஸ், ஜிப்மர் போன்றவை தனி உலகம். 2021 முதல் அவற்றுக்கு ஐ.என்.ஐ.-சி.இ.டி. என்ற தனித் தேர்வு, ஆண்டுக்கு இரு முறை. எய்ம்ஸில் இளநிலை படித்தவர்களுக்கு அங்கே முதுநிலையில் நிறுவன முன்னுரிமை உண்டு. நீதிமன்றப் படிகளை அது பல முறை ஏறி இறங்கியிருக்கிறது. கல்லூரி நேரடியாக சீட்டுக்கு உதவும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. வேலூர் சி.எம்.சி. இன்னொரு வகை. படித்து முடித்தவர் இரண்டாண்டு மிஷன் மருத்துவமனை ஒன்றில் பணியாற்ற வேண்டும். நேராகப் பாய்ந்து ரேடியாலஜி வாங்க நினைப்பவருக்கு அது தடை மாதிரித் தெரியும். மலையடிவார மருத்துவமனை ஒன்றில் மயக்க மருந்தும் கொடுத்து சிசேரியனும் செய்து திரும்பியவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு பாதை, அரசுப் பணி மருத்துவர் ஒதுக்கீடு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) வேலைக்குச் சேர்ந்து, பணியில் இருந்துகொண்டே முதுநிலைக்கு வருவது. மாநில இடங்களில் பாதி இவர்களுக்கு இருந்தது. 2017-இல் அது போய், கடினப் பகுதிப் பணிக்கு 30 விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் என்றானது. 2020 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்றது, ஒதுக்கீடு திரும்பியது. எந்தக் கிளைக்கு இது பொருந்தும் என்பதில் அரசாணைகள் மாறிக்கொண்டிருப்பதால், அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை வரி வரியாகப் படிக்க வேண்டும். முன்வரிசை ரேங்க் இல்லாமலே நல்ல கிளை பெற்றவர்களை இந்தப் பாதையில் பார்த்திருக்கிறேன். பி.எச்.சி.யில் கழித்த அந்த ஆண்டுகளை வீண் என்று அவர்களில் யாரும் சொன்னதில்லை. இந்தப் பாதைக்கும் எம்.பி.பி.எஸ். கல்லூரியின் பெயர் தேவையில்லை. தைரியமாகத் தனியே நின்று நோயாளியைப் பார்க்கத் தெரிந்த கை தேவை.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் ஒரு வருடத்தைத் தின்றுவிடும்: தேதி. நீட் பி.ஜி. எழுத இன்டர்ன்ஷிப் குறிப்பிட்ட நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும். 2025 தேர்வுக்கு அது ஜூலை 31. பல்கலைக்கழகத் தேர்வைத் தள்ளித் தள்ளி நடத்தும் இடத்தில் படித்தால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த ஆண்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். பெருந்தொற்றுக் காலத்தில் நாடு முழுக்கப் பலர் அப்படி நின்றார்கள். சேருமுன் அந்தக் கல்லூரியின் கடைசி மூன்று அணிகள் எந்த மாதம் முடித்து வெளியே வந்தன என்று ஒரு சீனியரிடம் கேட்டால் போதும்.

ரேடியாலஜி மேல் ஏன் இவ்வளவு மோகம்? இரவு அழைப்பு குறைவு, வருமானம் உறுதி, நோயாளியின் உறவினரோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த புற்றுநோய் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்ட பிறகு, "திரைக்குப் பின்னால உட்கார்ற வேலையே தேவலை" என்று சொல்லும் பெற்றோரை நான் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் மோகங்கள் மாறும். நான் படித்த நாளில் முதல் ரேங்க் என்றால் பொது மருத்துவம் அல்லது அறுவை. எக்ஸ்ரே துறைக்குப் போகிறவரை இரக்கத்தோடு பார்ப்போம். ஸ்கேன் எந்திரங்கள் வந்து அதைத் தலைகீழாக்கின. அவசர மருத்துவம் என்ற எம்.டி. படிப்பே 2009-இல்தான் இந்தியாவில் அங்கீகாரம் பெற்றது. அமெரிக்காவில் அதே துறை ஒரு காலம் கொடிகட்டிப் பறந்தது. 2023 மேட்சில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இடங்கள் நிரம்பாமல் கிடந்தன. கணினி அறிவியலாளர் ஜெஃப்ரி ஹின்டன் 2016-இல், இனி ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிடலாம் என்றே பேசினார். நிறுத்தவில்லை, இன்றும் அதுதான் முதல் தேர்வு. இன்று சேரும் பெண் ரேடியாலஜிஸ்டாகி வெளியே வருவதற்குள் பத்து ஆண்டு ஓடிவிடும். அன்றைக்குப் படம் பார்ப்பது யார் வேலையாக இருக்கும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

இவ்வளவையும் கோபிக்காரரிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. இரண்டு வேலை மட்டும் கொடுத்தேன். ஒன்று, நீங்கள் முதலில் போட யோசிக்கும் இரண்டு கல்லூரிகளின் மருத்துவமனைகளுக்கும் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மகளோடு போய், ஓ.பி. வரிசையில் ஒரு மணி நேரம் சும்மா நில்லுங்கள். இரண்டு, அங்கே படிக்கும் மூன்றாமாண்டுப் பிள்ளை யாரையாவது பிடித்து, விடுதியிலிருந்து வார்டுக்கு எவ்வளவு தூரம், இரவு நூலகம் திறந்திருக்குமா, சீஃப் ரவுண்ட்ஸில் கேள்வி கேட்பாரா என்று விசாரியுங்கள்.

விருப்பப் பட்டியலைப் பூட்டும் கடைசி நாள் இரவு பத்து மணிக்கு அந்தப் பெண்ணே பேசினாள். இரண்டு மருத்துவமனைக்கும் போய் வந்திருந்தார்கள். அவளுக்குப் பிடித்தது ஒன்று. அப்பா முதலில் போட்டிருப்பது இன்னொன்று. "முதல்ல பெருசாப் போட்டுக் கிடைக்கலைன்னா, ரெண்டாவதும் போயிரும்னு அப்பா பயப்படறாருங்க சார்" என்றாள். அப்படி இல்லையம்மா என்று விளக்கினேன். கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். உன் முறை வரும்போது உன் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தரும். மேலே எட்டாததைப் போட்டதற்காகக் கீழே உள்ளது கை நழுவாது. உனக்கு நிஜமாகவே எது பிடித்திருக்கிறதோ அந்த வரிசையில் போடு.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்பா தூங்கிட்டாருங்க சார். பாஸ்வேர்டு எங்கிட்டதான் இருக்கு" என்றாள். பதினொன்றே முக்காலுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "லாக் பண்ணிட்டேங்க."